சாலோமியின் முன்பல்லும் களக்காட்டுக் கோமுவும்

சாலோமியும் கோமுவும் முகம் பார்ப்பதற்கு முன்பே இரண்டு வருடம் சிநேகிதிகளாக இருந்தார்கள். சாலோமிக்குப் பாளையங்கோட்டை தொலைபேசி நிலையத்தில் வேலை, கோமுவுக்குக் களக்காட்டில். டிரங்க் கால் காலம் அது. யாரோ யாருக்கோ லைன் கேட்டுக் காத்திருக்கும் இடைவெளியில் இவர்கள் கம்பி வழியே குழம்பு முதல் கல்யாணப் பேச்சு வரை பேசித் தீர்த்தார்கள். சாலோமியின் குரலைக் கேட்கவே சில வியாபாரிகள் இரண்டாம் முறை போன் எடுப்பதாகக் கோமு கேலி செய்வாள். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் களக்காட்டுக்குப் பேசிவிட்டுத்தான் சாலோமி சாப்பிட உட்காருவாள்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவளது மேல்வரிசை முன்பல் வேரோடு முறிந்தது. பல் மருத்துவர் ஸ்டெபி தாடை எலும்பில் உலோக வேர் ஒன்றை வைத்தாள். எலும்பு பிடிக்கும்வரை மாட்டிக்கொள்ளக் கொடுத்த கழற்றும் பல் நாக்கில் இடறியது. 'ஸ்தோத்திரம்' என்றால் விசில் வந்தது. அந்தக் குரலைக் கோமு கேட்க வேண்டாமென்று சாலோமி ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுக்காமல் விட்டாள்.

சில மாதம் கழித்து ஸ்டெபி ஈறைத் திறந்து, வேரின் மேல் சிறிய உலோக மூடி ஒன்றைப் பொருத்தினாள். அதைச் சுற்றித்தான் ஈறு ஆறி வடிவம் பிடிக்க வேண்டும். அடுத்த முறை பார்த்தபோது அந்த இடம் சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்தது.

"ஆன்ட்டி, இங்கன பிரஷ்ஷே படலியே?"

"பிஞ்சிருமோன்னு பயம்மா."

"சொந்தப் பல்லுன்னா ஈறோட நாரு பல்லுக்குள்ளயே ஊடுருவிக் கட்டியிருக்கும். இதுல அப்படிக் கட்டாது. சட்டைக் காலர் மாதிரி சுத்தி இறுக்கிப் பிடிக்கும், உள்ள மெல்லிசாத் தோலு ஒட்டும். அழுக்கு சேந்தா அந்த ஒட்டு விட்டுப்போகும். பைய, பூப்போல தேய்ங்க. உதட்டத் தூக்கித் தூக்கிப் பாக்காதிய."

அந்த வாரமே கோமு சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். கழற்றும் பல்லை மாட்டாமலே கதவைத் திறந்த சாலோமி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏளா, எம்மேல என்ன கோவம்?"

சாலோமி வாய் திறக்காமல் தலையசைத்தே சமாளிக்கப் பார்த்தாள், முடியவில்லை. விசிலும் அழுகையுமாக எல்லாவற்றையும் சொன்னாள். கோமு அவள் கையை விலக்கி அந்த உலோகப் பொட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசம் ஒன் மொகரையே தெரியாமத்தானளா பழகுனேன்? இதுக்கா பேசாம இருந்த?"

இரண்டு நாள் தங்கினாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். தொலைபேசி நிலையத்துப் பழைய மேற்பார்வையாளரைப்போல் மூக்கால் பேசிக் காட்டி, சிரித்தால் வலிக்கும் சாலோமியைச் சிரிக்க வைத்தாள்.

மென்மையான பிரஷ்ஷைச் சாலோமி விடவில்லை. சில வாரத்தில் ரத்தம் நின்றது. ஈறு இளஞ்சிவப்பாகி மூடியைச் சுற்றி இறுகியது. அதன்பின் ஸ்டெபி நிரந்தரப் பல்லைப் பொருத்தினாள். பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நடுவே ஈறு சற்றே இறங்கி, கடுகளவு கறுப்பாக ஓர் இடைவெளி தெரிந்தது.

"இது போவப் போவ மூடலாம், மூடாமலும் இருக்கலாம் ஆன்ட்டி," என்றாள் ஸ்டெபி.

"இருந்துட்டுப் போட்டும்மா," என்றாள் சாலோமி.

அந்த ஞாயிறு அவள் களக்காட்டுக்குப் போனில் பேசத் தொடங்கியபோது கோமு அப்போதுதான் உலை வைத்திருந்தாள். பேசி முடித்தபோது சோறு குழைந்து, அடியும் பிடித்திருந்தது.