ஒரு முழம் ஆழம் போதும்

தெமலீனா கேட்டது ஆறடி நீளம், நான்கடி அகலம், ஒரு முழம் ஆழம். அவரையும் கீரையும் போட அதற்கு மேல் தேவையில்லை. கேட்ட இடம்தான் தப்பு. ஓப்பல் கல் தோண்டியே பிழைக்கும் ஆஸ்திரேலிய ஊரான கூபர் பெடியில் ஓர் ஆண்பிள்ளையிடம் கடப்பாரையைக் கொடுத்து ஒரு முழத்தோடு நிறுத்து என்று சொல்வது, அவன் கையில் சாராயக் கிளாஸைக் கொடுத்து முகர்ந்து மட்டும் பார் என்று சொல்வதைப் போல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, பிப்ரவரி. நாங்கள் எல்லோரும் பாறையைக் குடைந்த வீடுகளில் இருந்தோம். அவள் சமையலறைக்கும் என் படுக்கையறைக்கும் நடுவே மூன்றடிப் பாறை. அந்தப் பாறைக்கு ஓப்பலைத் தவிர வேறு ரகசியம் காக்கத் தெரியாது. அதனால் இதில் பாதி நான் படுத்தபடியே கேட்டது.

தெமலீனா கிரேக்க நாட்டுக் காலிம்னோஸ் தீவுக்காரி. கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுக்கும் குடும்பம். கணவன் பந்தேலிஸும் அதே தீவுதான். தண்ணீருக்குள் மூச்சடக்கி இறங்கியவன், இங்கே வந்து மண்ணுக்குள் இறங்கினான். ஆழம் என்றால் அவனுக்கு ஒரு கிறுக்கு.

எங்கள் மண்ணைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அதில் களை முளைக்காது. மேலே தூசி, கீழே செங்கல் நிறப் பாறை. மண்வெட்டி பட்டால் மணிபோல் அடித்துவிட்டுத் திரும்பி வரும். பந்தேலிஸ் முதல் நாளே மண்வெட்டியை எறிந்துவிட்டு இரண்டு குச்சி வெடி வைத்தான். உலகத்தில் அவரைப் பாத்திக்கு வெடி வைக்கிற ஊர் வேறு இருந்தால் எழுதிப் போடுங்கள்.

வெடித்த இடத்தில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அது ஓப்பலின் ஏழைப் பங்காளி. நிறம் இல்லாத கல். ஆனால் அது இருக்கும் இடத்தில் சில நேரம் நிறமும், அதாவது விலைபோகும் ஓப்பலும், இருக்கும். போதாதா? சாயங்காலம் பந்தேலிஸின் தொப்பி மட்டும் தெரிந்தது. மறுநாள் தொப்பியும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் பன்னிரண்டடியில் கோடு தானாக மறைந்தது. பாத்திக்கு ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும்.

அவர்கள் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் மணமுடியை மாற்றி வைத்த தோழன் மிக்கேஸ் வந்து எட்டிப் பார்த்தான். அவர்கள் வழக்கத்தில் அது கிட்டத்தட்ட ரத்த உறவு.

"தங்கச்சி, அவரை நல்லா வேர் விடும்போல. ஏதென்ஸ்ல போய் எட்டிப் பாக்கும்."

"நீ சிரி. உன் வீட்டுக் கழிப்பறைக்குக் குழி வெட்டுறேன்னு நீ இறங்கினதுல, நாலு மாசம் உன் பொண்டாட்டி எங்க வீட்டுக்கு ஓடி ஓடி வந்தாளே, மறந்துட்டியா?"

மிக்கேஸ் ஏதோ வேலை நினைவுக்கு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினான்.

மார்ச்சில் பந்தேலிஸ் முற்றத்தின் மறுபக்கம் இரண்டாவது பாத்தி தொடங்கினான். மாதாவின் மேல் ஆணையிட்டு, ஒரு முழம்தான் என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவன் தலை தரைமட்டத்தில் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு ஒன்று விளிம்பில் ஆறிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பாறைச் சுவர் வழியே கேட்டது சண்டை இல்லை. சண்டையாக இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"பந்தேலிஸ், ஆறு வருஷமா டப்பாவுல அடைச்ச பீன்ஸ் தின்னுட்டிருக்கேன். கோவிச்சுக்கல. தண்ணி லாரியில வருது, அதுக்கும் கோவிச்சுக்கல. பச்சையா ஒண்ணு என் கண்ணுல படணும். ஆகஸ்ட் பதினஞ்சு, மாதா திருநாள் வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா அடிலெய்டுல அக்கா வீடு இருக்கு. பஸ்ஸும் இருக்கு."

"சும்மா மிரட்டாத."

"மிரட்டுறவ பெட்டியை இறக்கி வைக்க மாட்டா."

பெட்டி வாசலோரம் வந்துவிட்டது. பழுப்பு நிறம், பித்தளைப் பூட்டு. ஏப்ரல் முழுக்க எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனோம்.

இரண்டாவது குழியை மூடித் தோட்டமாக்குவது என்று அவள்தான் முடிவு செய்தாள். இந்தப் பாறையை வெட்டி மண்ணாக்க முடியாது, வெட்டிய குழியில் மண்ணை உண்டாக்கலாம் என்பது அவள் கணக்கு. ஆட்டுப் பண்ணையின் மயிர் கத்தரிக்கும் கொட்டகைக்கு அடியிலிருந்து புழுக்கை ஏழு நடை வந்தது. அட்டைப்பெட்டிகள், தேயிலைச் சக்கை, காப்பிக் கசடு, என் வீட்டு முட்டை ஓடுகள் எல்லாம் குழிக்குள் போயின. கடைசியில் அவள் சீதனமாகக் கொண்டுவந்த கம்பளி மெத்தையையே பிரித்துப் போட்டாள். ஈரத்தைப் பிடித்து வைக்குமாம். பந்தேலிஸ் சில நாள் பலகையில் படுத்தான். யாரும் பரிதாபப்படவில்லை.

பாத்தியை மேடாக்காமல், தரைக்கு இரண்டடி கீழேயே நிறுத்தினாள். வடக்கத்திக் காற்று தூசியோடு மேலே போய்விடும், செடி உள்ளே ஒதுங்கி நிற்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர், மக்ரோனி வெந்த தண்ணீர் எல்லாம் அங்கேதான். மக்ரோனித் தண்ணீரில் உப்பே போடக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்த ஆண்டு அவர்கள் வீட்டு மக்ரோனியை மரியாதைக்காகத்தான் சாப்பிட்டோம்.

விதை அனுப்பியது அடிலெய்டு அக்கா. வா வா என்று எழுதிய கடிதத்துக்குள்ளேயே வைத்து அனுப்பியிருந்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து காலை தெமலீனா பாத்தியில் இறங்கிப் பதினொரு காய் பறித்தாள். ஊரில் இருந்த கிரேக்கர்களுக்கு ஆளுக்கு ஒரு பருப்பு கிடைத்தது. உரிக்காமல் பச்சையாகவே கடித்தார்கள். மிக்கேஸ் அழுதான். கேட்டதற்குத் தூசி என்றான். மாலை பஸ் வந்து, ஐந்து நிமிடம் நின்று, போனது. மறுநாள் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே கீரை நாற்று விட்டாள்.

பத்து வருடம் கழித்து ஒருநாள், பாத்தி விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது பந்தேலிஸ் என்னிடம் சொன்னான். "மூடுறதுக்கு முன்னாடி அடியைக் கூட்டினேன். வடக்குச் சுவர்ல நிறம் இருந்துச்சு. பச்சை, நடுவுல செவப்பு. விரல் தண்டி."

நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் எடுத்த ஓப்பலைவிட எடுக்காமல் விட்ட ஓப்பல்தான் அதிகம். ஒவ்வொருவனிடமும் ஒன்று இருக்கும், வருடா வருடம் பெரிதாகும். பந்தேலிஸ் மட்டும் அதை மறுபடி சொல்லவேயில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

பந்தேலிஸ் இறந்த பிறகு விஷயம் எப்படியோ மிக்கேஸ் காதுக்கு எட்டியது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருநாள் காலை அவன் முற்றத்தில் வந்து நின்றான். நானும் இருந்தேன்.

"தங்கச்சி, ஒரு ஓரமா மட்டும். செடியைத் தொட மாட்டேன்."

"எத்தனை ஆழம்?"

"ஒரு முழம்."

தெமலீனா வெகுநேரம் சிரித்தாள். பிறகு அவன் கையில் இருந்த கடப்பாரையை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கூடையைக் கொடுத்தாள். மிக்கேஸ் முனகிக்கொண்டே பாத்தியில் இறங்கி அவரை பறித்தான்.

"அங்கே நிறம் இருந்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். குழிக்கு மேல பெட்டியோட நின்னுட்டிருந்தேன். அவன் சுவரையே பாத்துட்டு நின்னான். நிமிந்து என்னைப் பாக்கல. கல்லை எடுக்குறானா, புழுக்கையைப் போடுறானான்னு பாத்துட்டுப் போகலாம்னு நின்னேன்." பழைய பெட்டியில் நெருங்கி நின்ற நாற்றைப் பிடுங்கி விலக்கினாள். "முதல் கூடை புழுக்கையை அந்தச் சுவர்ப் பக்கமாத்தான் போட்டான்."