கண்டலுக்கு இடுப்பளவு

சிரமதானம் என்பது கூலி இல்லாத வேலை மட்டுமில்லை, ஊராரின் ஏச்சைச் சும்மா வாங்கிக் கட்டிக்கொள்ளும் தொழிலும்தான். வாவிக்கரையில் குப்பை பொறுக்கி முதுகு முறிந்தவர்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும். நான் புண்ணியம் தேடி இதில் இறங்கவில்லை. பெரியகல்லாற்றில் நான் றால் வியாபாரி. காவலரணுக்குப் பார்வை மறைக்கிறதென்று வாவிக்குப் போகும் ஓடைக்கரையிலிருந்த கண்டல் மரங்களை ஆமிக்காரர் வெட்டிப்போட்டார்கள். வெட்டின இடத்தை ஊர் குப்பையால் நிரப்பியது. கண்டல் வேருக்குள்தான் றால் குஞ்சு வளரும். வேர் போனால் றால் போச்சு, றால் போனால் நானும் போனேன்.

சத்தம் வந்த ஆள்

வாசிகசாலையில் கூட்டம். ஓடையைத் துப்புரவாக்கி, திரும்பக் கண்டல் நட வேண்டுமென்று ஆளுக்காள் பேசினார்கள். யார் செய்வதென்று கேட்டதும் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். எழும்பி நின்று ஒருவர் மிச்சமில்லாமல் ஏசினேன். ஏசி முடியப் பார்த்தால், கை தட்டுகிறார்கள். மீனவர் சங்கத் தலைவர் ஆறுதலாக எழும்பி வந்து ஒரு மண்வெட்டியை என் கையில் தந்தார்.

"உங்களுக்குத்தான் நல்லாச் சத்தம் வருது. நீங்களே செய்யுங்க தம்பி."

ஆளில்லாத சைக்கிள்

அந்த ஓடைக்குள் இல்லாத சாமான் இல்லை. ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் சனம் கையில் இருப்பதைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு ஓடும். பற்றரி, றேடியோ, கடிதக் கட்டு, எல்லாம் உள்ளே. மறுகா அதைத் தன்னுடையதென்று சொல்ல ஒரு மனிதன் வரமாட்டான். சொன்னால், ஏன் போட்டாய் என்று கேள்வி வரும்.

மூன்றாம் நாள் ஒரு சைக்கிளை இழுத்தெடுத்தோம். பின் கரியலில் சிவப்பு ரியூப் சுற்றியிருந்தது. அது வலைகாரன் சின்னராசாவின் சைக்கிள் என்று அதில் ஏறிப் போன ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். அவனே வந்து பெல்லை அடித்துப் பார்த்துவிட்டு, தன்னுடையது மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் தன்னுடையதில்லை, ஒருவருக்கும் வேண்டாமென்றால் கொண்டுபோவதாகச் சொன்னான். ஆளில்லாத சாமான் சிரமதானத்துக்குச் சொந்தம், பத்து நாள் குப்பை அள்ளு, தருகிறேன் என்றேன். அவன் இரண்டு என்றான். இழுபறிப்பட்டு ஐந்தில் நின்றது. முதல் கூடையைத் தூக்கும்போதே முணுமுணுத்தான்.

"என்ட சைக்கிளாயிருந்தா ரெண்டு நாளுக்கு மேல அள்ளியிருக்க மாட்டன் அண்ணே."

முருங்கைக்காய்

நடுவதற்குக் கண்டல் காய் வேண்டும். பழுகாமத்துக் கரைக்குத் தோணியில் போய் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி வந்தோம். பச்சையாய், நீளமாய், நுனி கூராய் இருக்கும். அக்கரை இயக்கத்தின் பக்கம்; அங்கிருந்து வரும் எந்த மூட்டையும் துறையில் நிற்கும் ஆமிக்காரருக்குச் சந்தேகம்தான். ஓர் இளம் சிப்பாய் சாக்கைக் குத்திப் பார்த்து, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான். கண்டலுக்குச் சிங்களப் பேர் எனக்குத் தெரியாது. பயத்தில் வாய்க்கு வந்தது "முருங்கா" என்பதுதான். அவன் சிரிக்காமல் ஒரு பிடி காயை எடுத்துக்கொண்டு எங்களைப் போகவிட்டான். மிச்சத்தை அன்று பின்னேரமே ஓடையில் நட்டோம்.

அடுத்த நாள் காலையில் கூப்பிட்டு அனுப்பினான். சாரத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு போனேன். இதற்குப் பேர் "கடொல்" என்றும், தன் தகப்பனும் மீன்காரன், வீட்டுக்குப் பின்னால் இந்த மரம்தான் என்றும் அரைகுறைத் தமிழில் சொன்னான். கண்டல் என்றே சொல்லியிருந்தாலும் பாதி விளங்கியிருக்கும். தெரிந்துகொண்டு ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"நீங்க முருங்கா சொன்னது முதலாளி. அதனால ரெண்டு மணித்தியாலம் அவிச்சுப் பாத்தது."

யாருடைய இடுப்பு?

கதை அவர்களுடைய அதிகாரியின் காதுக்கும் போய்விட்டது. அவர் கூப்பிட்டனுப்ப, சின்னராசாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மரம் வளர்ந்தால் பார்வை மறைக்கும், நட்டதையெல்லாம் பிடுங்கு என்றார் அதிகாரி. சிப்பாய் மொழிபெயர்த்தான். காவலரணுக்கு முன்னால் கையை வேகமாய் ஆட்டினாலே பிழை. கையை ஆட்டாமல் பேரம் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

கழுத்தளவு வரைக்கும் வளர விடுங்கள், மேலே போனால் வெட்டுகிறேன் என்றேன். அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். நான் நெஞ்சுக்கு இறங்கினேன், அவர் தொடைக்கு ஏறினார். கடைசியில் இடுப்பில் நின்றது. அவர் ஆறடி ஆள், நான் றாலைப் போலக் கூனின குள்ளன். உங்களுடைய இடுப்புத்தான் சேர் நியாயம் என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய இடுப்பளவுக்குச் சிப்பாய் ஒரு கம்பு வெட்டினான். வென்றுவிட்டேன் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன், சின்னராசா வாயைத் திறந்தான்.

"அண்ணே, அந்த இடுப்பை அளக்கிறது தண்ணியில இருந்தா, சேத்தில இருந்தா?"

அளக்கிற நாள்

சிப்பாய் அதையும் மொழிபெயர்த்துவிட்டான். அதிகாரி மலைநாட்டு ஆள், யோசித்துவிட்டுத் தண்ணீரிலிருந்து என்றார். மாரியில் வாவி ஏறி மரத்தில் பாதியை முழுங்கும், கோடையில் வற்றி வேர் தெரியும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? சின்னராசாவை அடிக்க ஓங்கின கையால் முதுகில் தட்டினேன்.

மாதா மாதம் சிப்பாய் கம்போடு வந்து அளந்தான். இரண்டாம் வருசக் கோடையில் தண்ணீர் வற்ற, கண்டல் கம்பைத் தாண்டி நின்றது. அளந்தால் வெட்ட வேண்டும். அந்த வேர்களுக்குள் விரலளவு றால் துள்ளுவதை அந்தக் கிழமைதான் நான் கண்டிருந்தேன். பேச வாயெடுக்காமல் அந்த வேர்களைக் கையால் காட்டினேன். சின்னராசா சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். சிப்பாய் குனிந்து வேர்களுக்குள் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கம்பைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"இண்டைக்கு அளக்க ஏலாது முதலாளி. தண்ணி போதாது. மழை பெஞ்சா கூப்பிடுங்க."

வாயை வைத்தே பிழைத்த நான் வாய் திறக்காமல் வென்ற ஒரே பேரம் அதுதான், அதற்கும் கூலி கிடையாது.