பார்த்ததை மட்டும் சொல்

எழிலரசி மிஸ்ஸிடம் பொய் வாக்கியம் செல்லாது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அவள் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்கிற பெண்களுக்கு முதல் நாளே இது தெரிந்துவிடும். சொல்கிற வாக்கியம் அன்றைக்குத் தன் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். புத்தகத்து ராஜாவும் ராணியும் அந்தப் படியேறி வரக்கூடாது.

அவள் பட்ட பாடு அப்படி. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகள், அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு முதல் இன்டர்வியூவுக்குப் போனபோது, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். ஒரு டீக்கடைக்கு எதிரே கரும்பு வண்டி நின்றது. அதை இங்கிலீஷில் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. லண்டன் மூடுபனியைப் பற்றிக் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக ஒப்பித்திருப்பாள். அந்த வேலை கிடைக்காமல் போயிற்று.

அந்த ரோஷத்தில் உண்டானதுதான் அவளுடைய பாடமுறை. ஒரு பொருளைச் சொல், அதன் பின்னால் 'இன் ஃபிரன்ட் ஆஃப்' போடு, 'நெக்ஸ்ட் டு' போடு, 'ஆன் டாப் ஆஃப்' போடு, பிறகு இன்னொரு பொருளைச் சொல். "நாம எதிரேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம். அவன் மூணு வார்த்தையைக் கோத்துக் கட்டி வச்சிருக்கான், என்ன பண்றது" என்று வெள்ளைக்காரனைத் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுப்பாள். யாராவது பூனைக்கு மேலே ஃப்ரிட்ஜை உட்கார வைத்துவிட்டால் வகுப்பே சிரிக்கும். வாக்கியம் சரியாக இருந்தாலோ, எல்லோரும் சேர்ந்து அதை ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும். அது கண்டிப்பு.

சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறவள். வீட்டிலும் அவளுக்குக் காது திருத்துகிற காதுதான். "நான் செத்துப் போறேன்னு இங்கிலீஷ்ல சொன்னாகூட, நீ முதல்ல அதுல தப்பத்தான் பாப்ப" என்பார் கணவர் ராஜவேல். அவளும் சிரித்துக்கொள்வாள்.

இலக்கியா அந்த வகுப்புக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தாள். குள்ளமான, பயந்த பெண். கணவன் ஸ்ரீதர் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். இங்கிலீஷ் கற்றுக்கொண்டால் தனக்கும் ஒரு வேலை கிடைக்கும் என்று கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்ததும் "கரெக்டா மிஸ்?" என்று கேட்காமல் உட்கார மாட்டாள்.

"த மேன் நெக்ஸ்ட் டு த போட் இஸ் வெய்ட்டிங். கரெக்டா மிஸ்?"

படகுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் காத்திருக்கிறான். பிழையே இல்லை. வகுப்பு சேர்ந்து சொன்னது. அடுத்த வகுப்பில் அந்த ஆள் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நின்றான். அதற்கடுத்து டீக்கடையை ஒட்டி. பிறகு இலக்கியாவின் தெருவில், வேப்பமரத்துக்குப் பின்னால். மற்றவர்கள் பூனையோடும் தண்ணீர்க் குடத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவள் ஒரே ஓர் ஆளை வைத்துக்கொண்டு தப்பில்லாமல் சொன்னதில் எழிலரசிக்குப் பெருமை தாங்கவில்லை. "வெரி குட்" என்று தட்டிக்கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் ரயில் பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் பாடத்துக்காக இலக்கியாவின் வாக்கியங்களை மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு, பஸ் ஸ்டாப், டீக்கடை, வேப்பமரம். அந்த ஆள் படகு நிற்கிற ஆற்றங்கரையிலிருந்து இலக்கியாவின் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் இலக்கியாவை நிறுத்தி, யாரம்மா அது என்று கேட்டாள்.

"தெரியல மிஸ். மூஞ்சி தெரியாது. எங்க அத்தைகிட்ட காட்டுனா, அங்க யாரும் இல்லங்கறாங்க."

"ஏன்டிம்மா, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"தமிழ்ல சொன்னா பயமா இருக்கு மிஸ். இங்கிலீஷ்ல சொன்னா வெறும் சென்டென்ஸ்தானே. நீங்களும் பாத்ததத்தான் சொல்லணும்னீங்க."

கணவன் பக்கத்தில் இல்லை, தூக்கமில்லை, அதனால் வருகிற மயக்கம் என்று எழிலரசி நினைத்தாள். நினைத்ததைச் சொல்லியும் அனுப்பினாள். அதற்குள் நல்ல சேதி வந்தது. ஸ்ரீதர் ஊருக்கு வந்துவிட்டான். இனி இந்தப் பெண் தெளிந்துவிடுவாள் என்று நிம்மதியாக இருந்தபோது, வகுப்பில் இலக்கியா எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"த மேன் இன் பிளேஸ் ஆஃப் மை ஹஸ்பெண்ட் இஸ் ஸ்லீப்பிங். கரெக்டா மிஸ்?"

என் கணவருடைய இடத்தில் இருக்கிற ஆள் தூங்குகிறான். பழக்க தோஷம், எழிலரசியின் வாய் "குட்" என்று சொல்லிவிட்டது. வகுப்பு உற்சாகமாகத் திருப்பிச் சொன்னது.

அன்றைக்கே அவளோடு பரங்கிப்பேட்டையில் இறங்கினாள். தாழ்வான ஓட்டு வீடு. மாமியார் சின்னம்மாள் வாய் நிறைய வரவேற்றாள். சுவரில் கல்யாணப் படம். உள்ளேயிருந்து வந்த ஸ்ரீதர் அதே முகம், அதே உயரம், அதே கன்னத்து மச்சம். "வாங்க மிஸ், இவ எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவா" என்று குடிக்கக் கலர் வாங்கி வரக் கிளம்பினான். போகும்போது தாழ்வான வாசல் நிலையில் படாமல் தலையைக் குனிந்து போனான்.

"பாத்தீங்களா?" இலக்கியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஒரு நாளாச்சும் இடிச்சிக்காம போனதில்ல மிஸ். கல்யாணத்தன்னிக்கே நெத்தி பொடைச்சிச்சி. வந்த இவரு ஒரு தடவகூட இடிச்சிக்கல."

"அடிப் பைத்தியமே," என்றாள் சின்னம்மாள். "கப்பல்ல எல்லாம் தாழ்ந்த கதவாம். குனிஞ்சிக் குனிஞ்சிப் பழகிட்டான் எம் புள்ள."

இதைவிட நல்ல பதில் என்ன வேண்டும்? எழிலரசிக்கு மனம் லேசாயிற்று. ஆனால் இலக்கியா வாசல்வரை கூடவே வந்தாள்.

"மிஸ், கொஞ்ச நாளைக்கு என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? ஒரு மூலையில கெடக்கறேன்."

அந்தக் கணம் எழிலரசிக்கு அவளை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து வந்த புருஷனை விட்டுப் பெண்டாட்டியைக் கூட்டிப் போனால் ஊர் என்ன சொல்லும்? கலர் பாட்டிலோடு அவன் வேறு தெருமுனையில் வந்துகொண்டிருந்தான்.

"அந்த 'இன் பிளேஸ் ஆஃப்' வேணாம்மா," என்றாள். "மை ஹஸ்பெண்ட் இஸ் அட் ஹோம். எங்க, சொல்லு."

இலக்கியா சொன்னாள். எப்போதும் கேட்பதைக் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. எழிலரசி போன் செய்தால் ஸ்ரீதர் எடுத்து, உடம்பு சரியில்லை மிஸ், தேறிடுவா என்பான். ஒவ்வொரு நாளும் ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும்போது எழிலரசி இறங்கலாமா என்று எழுந்திருப்பாள். ரயில் புறப்பட்டதும் உட்கார்ந்துகொள்வாள். தன்னை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, பாடம் ஆரம்பித்திருந்த நேரத்தில், இலக்கியா வந்துவிட்டாள். பூ வைத்து, புதுச்சேலை கட்டி, முகம் பூரித்து. எழிலரசிக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. "வாம்மா" என்று கை நீட்டினாள்.

அந்த வகுப்பறையின் கதவு ஓர் ஆள் மேல் இன்னோர் ஆள் ஏறி வந்தாலும் இடிக்காத உயரம். குள்ளமான இலக்கியா அதில் நுழையும்போது தலையைக் குனிந்து வந்தாள்.

ஜன்னலோரத்துக்குப் போகாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் எழுந்து, "மை ஹஸ்பெண்ட் இஸ் அட் ஹோம்" என்றாள். கரெக்டா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய சந்தேகமே அவள் முகத்தில் இல்லை.

"மிஸ், இன்னிக்கு உங்க சென்டென்ஸ்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். கடைசி வாக்கியம் எப்போதும் அவளுடையது. அதுவும் பார்த்ததாகத்தான் இருக்க வேண்டும்.

எழிலரசி முதல் பெஞ்சைப் பார்த்தாள். இதைத் தமிழில் யாரிடம் போய்ச் சொல்வது? ராஜவேல் சிரிப்பார். சின்னம்மாள் பதில் வைத்திருப்பாள். தனக்கும் இப்போது இந்த இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றுதான் வழி என்று புரிந்தபோது, அந்தப் பெண் கடைசி பெஞ்சிலிருந்து எத்தனை தரம் தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நெஞ்சு வலித்தது.

"த கேர்ள் இன் பிளேஸ் ஆஃப் இலக்கியா," என்றாள் மெல்ல, "இஸ் சிட்டிங் இன் ஃபிரன்ட் ஆஃப் மீ."

இலக்கியாவின் இடத்தில் இருக்கிற பெண் என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். வாக்கியத்தில் தப்பில்லை. அதனால் வகுப்பு முழுவதும், என்றும் போல, ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது. முதல் பெஞ்சில் இருந்தவள்தான், எழிலரசியின் கண்ணைப் பார்த்தபடி, எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள்.