குடைக்குக் கீழே பூத்த சாமந்தி

என் சாமந்தித் தோட்டத்தைக் கெடுத்தது விளக்குக் கம்பம் நட்ட அந்த இன்ஜினியர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குமணன்சாவடியில் என் வேலியோரமாக ஒரு சோடியம் விளக்கை நிறுத்தினார். அந்த வருஷம் செடிகள் இடுப்பளவு வளர்ந்தன, மொட்டே வைக்கவில்லை. நான் உரக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வழியாகப் பள்ளிக்கு நடந்துபோகும் தாவரவியல் டீச்சர் ஒருவர் அதைக் கேட்டு நின்றார். ஒல்லியானவர், தடித்த கண்ணாடி. பேசும்போது கை ஏதாவது இலையைப் புரட்டிக்கொண்டே இருக்கும்.

“அவரை விடுங்கண்ணே. விளக்குதான் காரணம்.”

“இன்னா டீச்சர், செடிக்குக் கண்ணு கீதா?”

“இலையில ஒரு நிறமி இருக்கு. சிவப்பு வெளிச்சம் பட்டா வடிவம் மாறிடும். நீண்ட இருட்டுல அது மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பினாத்தான் சாமந்தி மொட்டு வைக்கும்.”

“அப்ப நான் தாலாட்டு பாடட்டுமா?”

சிரித்துவிட்டுத் தன் கறுப்புக் குடையை விரித்து ஒரு செடிமேல் கட்டினார். வாரக்கணக்கில் மாலையில் கட்டினார், காலையில் அவிழ்த்தார். ஐப்பசி மழையில் நனைந்தே வீட்டுக்குப் போனார். அந்தச் செடி மட்டும் பூத்தது. யாரோ ஒருவனின் செடிக்காக அவர் ஏன் நனைந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பூத்த செடியை வேரோடு பெயர்த்து அந்த இன்ஜினியரின் ஆபீசுக்குத் தூக்கிப்போய், விளக்கின் என் பக்கத்தில் வெளிச்சத்தை மறைக்கத் தகரம் அடிக்கச் சொன்னேன்.

“செடி தூங்கலன்னு மனுவா?” என்று இன்ஜினியர் சிரித்தார்.

மறு வருஷமும் பூக்கவில்லை. நிலத்தை விற்றேன்.

அந்த இன்ஜினியர் ஓய்வு பெற்றிருந்தாலும் சரி, இந்தக் குமணன்சாவடிக் கூட்டுரோட்டில் எல்லார் முன்னாலும் நின்று சொல்லட்டும்: ஒரு தகரம் அடிக்க என்ன தடை இருந்தது?