இடப்பக்கம் கறுத்த இலை

ஷார்ஜாவில் இருக்கும் பழைய ஆங்கிலேய அலமாரிகள் எல்லாம் என் மருமகன் கௌஸ் முகைதீனிடம் மட்டும் பேசும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஒன்றிரண்டு பேசாது.

மரத்தில் பதித்த பூவையும் இலையையும் பார்த்து, எந்தப் பட்டறையில் செய்தது என்று சொல்வது அவர் வேலை. அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் கடை முதலாளி விற்பார். 2009இல் வேலை போய் ஊர் திரும்பியவர்கள் விற்றுவிட்டுப்போன சாமான்களோடு ஓர் அலமாரி வந்தது. அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை.

சாப்பாடு கொண்டுபோன என்னிடமும் என் மகள் நஜீஹாவிடமும் அதில் பதித்த ஓர் இலையைக் காட்டினார். நிழல்போலத் தெரிய மரத்துண்டைச் சுடுமணலில் வாட்டிய கறுப்பு மற்ற இலைகளில் வலப்பக்கம் இருந்தது. அதில் மட்டும் இடப்பக்கம்.

"வேற வேற பட்டறைன்னு நான் சொன்ன மூணு அலமாரியிலயும் இதே கை, மாமி. இடது கையால பிடிச்சு வாட்டினாத்தான் இந்தப் பக்கம் கறுக்கும். செத்து இருநூறு வருஷமான இடதுகைக்காரர் என்னைத் தேடி வர்றார்."

சலாம் சொல்லாமல் அந்த அலமாரியின் கதவை அவர் தொடுவதில்லை.

"மூணும் ஒரே ஆள் செஞ்சதுன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார். அது தவறென்றால் அவர் வேலையே போய்விடும்.

நஜீஹா குனிந்து பார்த்தாள்.

"போனை வைங்க. முன்னாடி வேலை பார்த்த கடையில இருந்தப்ப, விழுந்துபோன இலைகளுக்குப் பதிலா நீங்க வெட்டி ஒட்டினது இதெல்லாம். என் தோசைக்கல்லுலதானே மணலைக் காய வச்சீங்க. சோறு திங்கிறதைத் தவிர எல்லாத்துக்கும் உங்களுக்கு இடது கைதான்."