ஏழாவது படத்தின் இடது ஓரம்

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். இப்படிப்பட்ட ஒருத்திதான் அந்தக் காரியத்தைச் செய்தாள் என்பது எனக்கே இன்னும் ஜீரணமாகவில்லை.

தம்பானூர் பக்கத்தில் நரம்பு நோய்களுக்கான ஒரு சின்ன கிளினிக்கில் எனக்குப் பதிவு கவுண்டரில் வேலை. நாங்கள் நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். அதாவது, உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருப்பது. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் அதற்கு ஒரு கை கொடுக்கலாம்: எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதலாம். கிளினிக்கில் புதிதாகச் சேரும் பெண்களில் பாதிப் பேர், மலையாளம் பேசும் இந்த ஊருக்கு எல்லை தாண்டி வரும் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள். ஆங்கில விளக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழிப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் பின்னால் நின்று "அங்க அமுக்கு, இங்க அமுக்கு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போய், நாமே தமிழில் எழுதிவிட்டால் என்ன என்று தோன்றியது.

எழுதி அனுப்பினேன். விளக்கப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார். பங்களித்தவர்கள் பட்டியலில் என் பேரைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை மறைப்பானேன். புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு இரண்டு முறை காட்டினேன்.

அந்த ஜோரில்தான் படங்கள் சேர்க்கலாம் என்று கிளம்பினேன். திரையைப் படம் பிடிக்க வேண்டும். அதற்கு உண்மையான நோயாளிகளின் விவரத்தைப் பயன்படுத்தக் கூடாது, கற்பனையாக ஆட்களை உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று பங்களிப்பவர்களுக்கான பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வாசித்தேன். அரைமணி நேர வேலை. காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் எனக்கு இருந்தது பத்து நிமிஷம். கவுண்டரில் திறந்திருந்த திரையையே படம் பிடித்து, நடுவில் பெரிதாகத் தெரிந்த பேரை மட்டும் மங்கலாக்கி, பதினோரு படங்களை அனுப்பிவிட்டேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மூன்று வாரம் கழித்து ஒருங்கிணைப்பாளர் எழுதினார். பார்வையற்றவர்களும் இந்தப் பக்கங்களைக் கணினி வாசிக்கக் கேட்கிறார்கள், அதனால் ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்றார். நியாயமான விஷயம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண் தெரியாத ஒருவருக்குச் சொல்கிறோம் என்பதால் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக ஒன்று விடாமல் பார்த்து எழுதினேன். ஏழாவது படம். "இடது ஓரத்தில், கடைசியாக வந்துபோன நோயாளியின்" என்று தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

சின்ன எழுத்தில் ஒரு பெண்ணின் பேர். மொபைல் நம்பர். அதற்குக் கீழே நோய்: வலிப்பு.

எனக்கு அவளைத் தெரியும். கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். நாகர்கோவில் பக்கம். மாதாமாதம் மாத்திரைக்கு வருவாள். முதல் நாள் பதியும்போதே கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் முகத்தை வைத்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கடையில ஆருக்கும் தெரியாது. முந்தின கடையில இதுனாலதான் நிறுத்திட்டாவ. எனக்கு போன் எல்லாம் பண்ணிராதிங்க, கேட்டியளா." ஒரு வருஷமாக ஒரு தடவைகூட வலிப்பு வராமல், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, அந்த வேலையைக் காப்பாற்றி வைத்திருந்தாள். நான் அவளை மூன்று வாரமாக ஊர் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே யாரிடமாவது சொன்னேனா என்றால், இல்லை. முதலில் நான் செய்தது களவாணித்தனம். மற்றப் படங்களைத் துருவிப் பார்த்தேன், வேறு யாரும் சிக்கவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, கற்பனை ஆளைக் கொண்டு வேறு படம் வைத்தேன். மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் இடத்தில் "பழைய படம் தெளிவாக இல்லை" என்று போட்டேன். அப்பாடா என்று இருந்தது ஒரே ஒரு நாள்தான். மறுநாள், அழித்ததைப் பார்க்க முடியுமா என்று சும்மா தேடிப் பார்த்தால், முடியும். இந்த மாதிரித் திட்டங்களில் பழையது எதுவும் போவதில்லை. எப்போது, யார், எதை மாற்றினார்கள் என்று அத்தனையும் வரலாறாக நிற்கும். பழைய படமும் பத்திரமாக இருந்தது, அதற்கு வழிகாட்டிப் பலகை மாதிரி நான் எழுதிய பொய்யும் இருந்தது.

அப்புறம்தான் ஒருங்கிணைப்பாளருக்கு உண்மையை எழுதினேன். என்னைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவரும் இன்னொருவருமாக உட்கார்ந்து வரலாற்றிலிருந்தே அந்தப் படத்தை நீக்கினார்கள். முடித்துவிட்டு ஒரு வரி சேர்த்திருந்தார்: ஏற்கெனவே இதை இறக்கி வைத்திருப்பவர்களின் கணினியில் இருப்பதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை பேர் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

டாக்டரிடமும் சொன்னேன். அவர் திட்டினார், திட்ட வேண்டியதுதான். அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது என்று கேட்டதற்கு, "அது நீ தன்னெ பறயணம்", நீயேதான் சொல்ல வேண்டும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

போன் செய்ய வழியில்லை. அவள் மாத்திரைக்கு வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் கிழக்கேகோட்டையில் இறங்கி அந்தக் கடையைத் தாண்டி நடந்தேன். உள்ளே ஒரு கல்யாண கோஷ்டிக்குச் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வேலை இருக்கிறது. உள்ளே போகத் தைரியம் வரவில்லை. மறுநாளும் அந்த வழியாகவே போனேன். அவளைக் காணவில்லை. சாப்பிடப் போயிருப்பாள், லீவாக இருக்கும் என்று நூறு சமாதானம் சொல்லிக்கொண்டாலும், அன்றைக்கு வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வந்தாள். பிரஷர் பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"மக்ளே, என் கையால ஒரு தப்பு நடந்துபோச்சு."

"ரிப்போர்ட்டுல என்னவும் இருக்கா அக்கா?" என்றாள்.

அதில்லை என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆரு ஆரு பாத்தாவ?"

"தெரியல."

"எங்க கடையில?"

"பாத்திருக்க மாட்டாங்க."

"தெரியலன்னு சொல்லுதிய. பின்ன எப்பிடி பாக்கலன்னும் சொல்லுதிய?"

இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கற்பனையாக ஓர் ஆளை உருவாக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லி, போனில் காட்டினேன். அந்த இல்லாத பெண்ணின் பேரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இப்பிடி ஓராள உண்டாக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

"அரைமணி நேரம்."

தலையை ஆட்டினாள். மாத்திரைச் சீட்டை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

அடுத்த மாதமும் வந்தாள். மேலே போட்டிருந்த சால்வைக்கு அடியில் கடைச் சீருடைச் சேலையின் கரை தெரிந்தது. வேலை போகவில்லை. அந்த ஒரு நொடி எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. என் கவுண்டரில் அப்போதுதான் வரிசை தீர்ந்திருந்தது. "இங்க வா மக்ளே" என்று கையைக் காட்டினேன். என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கவுண்டரின் வரிசையில், எட்டாவது ஆளாகப் போய் நின்றாள்.

அங்கே உட்காரும் சேட்டன் நல்ல மனுஷன். ஆனால் மெதுவாகப் பேச வராது, தமிழும் வராது. அவளுடைய முறை வந்ததும் திரையைப் பார்த்து, எல்லோரிடமும் கேட்பது போலத்தான் அவளிடமும் கேட்டார்: "அபஸ்மாரத்தின்டெ குளிகயல்லே?" வலிப்பு மாத்திரைதானே என்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அதே சேட்டா" என்று மலையாளத்திலேயே ஆமாம் சொன்னாள் அவள்.