மெதுவாகச் சாத்திய கதவு

படவேடு ரோட்டில் ஒரு வெள்ளை அம்பாசடரின் பின்கதவு ஓடும்போதே திறந்துகொண்டதாம், உள்ளே இருந்த பெண் வெளியே விழுந்துவிட்டாளாம். டீக்கடையில் பார்த்திபனிடம் இதைச் சொன்னவன் ஷேர் ஆட்டோ ஓட்டும் அய்யனார். அவனுக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். கண்டக்டருக்கு யாரோ பயணி சொன்னாராம்.

“நீ பார்த்தியா?”

“நான் எங்கண்ணே பார்த்தேன்? வாட்ஸ்அப்ல போட்டோ போட்டாங்களாம். அப்பால எடுத்துட்டாங்களாம்.” அய்யனார் சிரித்தான். “நீ ஏன் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போயிட்ட? உன் வண்டியா அது?”

“நம்ம ஊருல வெள்ளை அம்பாசடர் எத்தினி கீது?”

“ஓடறதுன்னா ஒண்ணுதான். துரைக்கண்ணு சாருது.” சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கும் உறைத்தது. “ஐயோ, நேத்து உன் கடையிலதானே நின்னுகினு இருந்துச்சு!”

பார்த்திபன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடையைப் பார்க்க நடந்தார்.

கடை என்றால், கோட்டை மைதானத்துக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. கார்களுக்கு சீட் கவர் தைப்பது, கதவுக்கும் கண்ணாடிக்கும் ரப்பர் மாற்றுவதுதான் அங்கே வேலை. வாலிபத்தில் வேலூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஜன்னல் ரப்பர் போட்டுக் கை காய்த்தவர் பார்த்திபன். கல்யாணமானதும் ஆரணிக்கு வந்துவிட்டார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் எதிரே நிற்பவர் முகம் கோணும்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. ஒரே சாயங்காலத்துக்கு மூன்று பேரிடம் ‘முடிச்சுடலாம் சார்’ என்பார். மூவரும் ஒன்றாக வந்து நிற்கும்போது கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். “இப்பத்தான் பெரணமல்லூர் போனாருங்க” என்று மனைவி சூர்யகலா வாய் கூசாமல் சொல்லி அனுப்புவாள். பெண் பார்க்க வந்த அன்று பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் ‘உங்க இஷ்டம்’ என்றுதான் சொன்னார் என்று இன்றைக்கும் குத்திக் காட்டுவாள்.

துரைக்கண்ணுவுக்கு அந்தக் கார் அப்பா விட்டுப்போன சொத்து. கதவு ரப்பரெல்லாம் காய்ந்து வெடித்து, போன மழையில் பின்சீட்டு நனைந்துவிட்டது. அவருடைய மகள் சத்யப்ரியாவுக்குக் கல்யாணம். முகூர்த்தப் பட்டுப் புடவையை இன்றைக்குப் படவேட்டில் ரேணுகாம்பாள் காலடியில் வைத்து எடுத்து வர வேண்டும்.

“அம்மனுக்குப் போற பொடவை, பார்த்தி. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது.”

அந்தக் காரின் பின்கதவுக்கு உரிய ரப்பர் சென்னையிலிருந்து வர வேண்டும். கையில் இருந்தது அதைவிடத் தடிமன். பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். “போட்டுடலாம் சார்” என்றார் பார்த்திபன்.

பழைய பசையைச் சுரண்டி, பெட்ரோல் போட்டுத் துடைத்து, மேல் மூலையில் ஆரம்பித்து, வளைவுகளில் இழுக்காமல் அமுக்கி அமுக்கி ஒட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தடித்த ரப்பர் கதவை உள்ளே விடாமல் தள்ளியது. பார்த்திபன் ஓங்கி ஒரு சாத்து சாத்தினார். கதவு முழுசாகப் பூட்டிக்கொண்டது. துரைக்கண்ணு துள்ளிவிட்டார்.

“யோவ்! கதவா, குடோன் ஷட்டரா அது? நெஞ்சுல அடிச்சாப்பல கீது!”

“புது ரப்பர் சார். கொஞ்ச நாளைக்கு ஓங்கித்தான் சாத்தணும்.”

“எங்க வூட்டுல பூஜை அலமாரி சாத்தற மாதிரிதான் இதையும் சாத்துவோம். மெதுவா சாத்தினா லாக் ஆவாதா?” என்று கதவைத் திறந்து மெல்லத் தள்ளினார். ‘க்ளிக்’ என்றது. துரைக்கண்ணு முகம் மலர்ந்துவிட்டது. “ஆவுதே, பார்த்தி!”

அது அரை லாக், பூட்டின் முதல் பல் மட்டும் மாட்டியது. கதவின் விளிம்பு ஒரு விரல் பருமன் வெளியே நின்றதைப் பார்த்திபன் பார்த்தார். அந்த மலர்ந்த முகத்தையும் பார்த்தார்.

“ஆவுது சார்” என்றார்.

வெயிலில் நின்றால் ரப்பர் அமுங்கிவிடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குள் அப்பாவோடு வந்திருந்த சத்யப்ரியா அந்தக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, சாய்ந்து பார்த்து, “நாளைக்கு நான் இந்தப் பக்கந்தான்ப்பா, மலை தெரியும்” என்றாள்.

இப்போது அவருக்குக் காதில் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் குரல்தான். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது, சாய்ந்திருக்கும் ஓர் ஆளின் பாரத்தை அரை லாக் தாங்குமா? தாங்கியும் இருக்கிறது. விட்டும் இருக்கிறது. பட்டறையில் இரண்டையும் பார்த்தவர் அவர்.

கொட்டகைக்குள் வந்ததும் சூர்யகலா, “இன்னாங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?” என்றாள். சொன்னார். அரை லாக்கையும் சேர்த்தே சொன்னார்.

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். “போன் போட்டீங்களா?”

“இன்னான்னு கேக்கறது? கதவு தொறந்துகிச்சா சார்னா?”

“ஆமா. அப்படியேதான் கேக்கணும்.”

“ஒண்ணும் ஆவாம இருந்தா? நல்ல காரியத்துக்குப் போயிகினு இருக்கிறவங்ககிட்ட அபசகுனமா…”

“ஒண்ணும் ஆவாம இருந்தா இன்னும் ஜல்தியா சொல்லணும். அதே கதவுலதானே திரும்பி வரணும் அந்தப் பொண்ணு?”

பார்த்திபனுக்கு அது தோன்றவே இல்லை. விழுந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தவருக்கு, இன்னும் விழாமலும் இருக்கலாம் என்பது அதைவிடப் பயமாக இருந்தது. துரைக்கண்ணுவின் பெயரைத் தேடி அழுத்தினார்.

தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்திருந்தால், மலையடிவாரம், டவர் இல்லை என்று மனதைத் தேற்றியிருப்பார். ரிங் போனது. முழுசாகப் போய் நின்றது, யாரும் எடுக்கவில்லை.

“இன்னொருவாட்டி போடுங்க.”

போட்டார். சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தார். ‘சார், வண்டிய எடுக்காதீங்க. மெதுவா சாத்தினா அது லாக் ஆவாது. நேத்து நான் சொன்னது பொய்.’ ஒருவரிடமும் அவர் இப்படிப் பேசியதில்லை. எடுத்தவுடன் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும், நடுவில் துரைக்கண்ணு எது பேசினாலும் நிறுத்தக் கூடாது.

ரிங் போய்க்கொண்டே இருந்தது. அவர் மழுப்பாமல் சொல்கிறாரா என்று தானும் கேட்க, சூர்யகலா அவர் கையைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.